களப்பதிவுக்கு ஏற்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே, ஒலி பிறக்கும் இடத்துக்கே சென்று அதைப் பதிவதைக் களப்பதிவு என்கிறோம். பறவையின் கூவல், மழை ஓய்ந்தபின் இலைகளிலிருந்து சொட்டும் நீர், முதியவர் ஒருவர் சொல்லும் வாழ்க்கைக் கதை, ஆலைக்குள் ஓடும் இயந்திரம், பேசுவோர் குறைந்துவரும் மொழியொன்றின் உரையாடல் என அதன் எல்லை பரந்தது. இவை அனைத்துக்கும் பொருந்தும் ஒரே கருவி கிடையாது. ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பிறகு பார்க்கலாம், எதைப் பார்க்காமலேயே விட்டுவிடலாம் என்ற வரிசை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. 192 கிலோஹெர்ட்ஸ், 8 தடங்கள், வண்ணத் தொடுதிரை ஆகியவை பெரிய எழுத்தில் வருகின்றன. பதிவின் தரத்தை உண்மையில் தீர்மானிக்கும் எண்ணோ விவரத்தாளின் கடைசிப் பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. சில நிறுவனங்கள் அதை வெளியிடுவதே இல்லை. உரத்த ஒலியை இன்றைய கருவிகள் எல்லாமே நன்றாகப் பதிகின்றன. ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு மெல்லிய ஒலியில்தான் வெளிப்படுகிறது என்பதால், தேர்வும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: பதியப்போகும் ஒலிகளுள் மிக மெல்லியது எது?

கருவிகளின் பட்டியலைத் திறப்பதற்கு முன், நீங்கள் பதிய விரும்பும் ஒலிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எவ்வளவு தொலைவிலிருந்து கேட்கும், எவ்வளவு நேரம் தொடரும், பதியும்போது நீங்கள் அருகில் இருப்பீர்களா, கருவியைக் கையில் பிடித்திருப்பீர்களா, தாங்கியில் நிறுத்துவீர்களா என்பதையும் குறியுங்கள். பிறகு அவற்றுள் மிக மெல்லிய ஒலியைக் கோடிட்டுக் காட்டுங்கள்.

ஒரு மீட்டர் தொலைவில் இயல்பாகப் பேசும் மனிதக் குரல் சுமார் 60 டெசிபெல் அளவில் இருக்கும். இரவில் அமைதியாக இருக்கும் அறை சுமார் 30 டெசிபெல். சாலைகளிலிருந்து வெகுதொலைவில், காற்றடிக்காத வேளையில், ஓர் அடர்ந்த காடு 20 டெசிபெலுக்கும் கீழே இறங்கக்கூடும். நேர்காணல் மட்டுமே உங்கள் வேலை என்றால், குரலுக்கு அருகில் மைக்கை வைக்க முடியும் என்பதால், எளிய கருவியே போதும். இந்த வழிகாட்டியின் இரண்டாம் படியை மேலோட்டமாகப் படித்துவிட்டு மின்சாரம், பயன்பாட்டு எளிமை ஆகியவற்றில் கவனம் செலுத்தலாம். விடியலுக்கு முந்தைய காட்டின் அமைதியைப் பதிய விரும்புவோருக்கு இரண்டாம் படிதான் எல்லாம்.

படி 2: முன்பெருக்கியின் இரைச்சலைக் கணக்கிடுங்கள்

மைக்கிலிருந்து வரும் மின்குறிப்பு மிகச் சிறியது. அதை எண்ணாக மாற்றுவதற்கு முன் பெருக்கியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி ப்ரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கி. ஒவ்வொரு முன்பெருக்கியும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது. அமைதியான பதிவுகளின் பின்னணியில் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற ஒலியில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இந்த இரைச்சலை, உள்ளீட்டுக்குச் சமமான இரைச்சல் என்ற பெயரில், டிபியு என்னும் அலகில் (0.775 வோல்ட்டைச் சுழியமாகக் கொண்டு மின்னழுத்தத்தை டெசிபெலில் சொல்லும் அளவு) குறிப்பிடுவார்கள். எதிர்மறை எண் எவ்வளவு பெரிதோ, கருவி அவ்வளவு அமைதியானது. மைனஸ் 105 டிபியு அளவில் இருக்கும் கருவி, மெல்லொலிப் பதிவுக்கு இரைச்சல் மிக்கது. மைனஸ் 120 டிபியு நல்ல நிலை. மைனஸ் 127 டிபியு மிகச் சிறந்த நிலை. ஜூம் நிறுவனத்தின் எஃப்3, எஃப்6 போன்றவை இந்த அளவைக் குறிப்பிடுகின்றன. அதற்கு மேல் செல்ல அதிக இடமில்லை: 150 ஓம் மின்தடையிலுள்ள எலெக்ட்ரான்களின் வெப்ப அசைவே அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், ஏறத்தாழ மைனஸ் 131 டிபியு இரைச்சலை உண்டாக்குகிறது. 150 ஓம் மூலத்தைக் கொண்டு அளக்கும்போது எந்தப் பொறியாளராலும் அதற்குக் கீழே போக முடியாது.

இனி, உங்கள் மைக்குக்கு எந்த அளவு போதும் என்பதைக் கணக்கிடலாம். மைக்கின் விவரத்தாளில் இரண்டு எண்கள் தேவை: உணர்திறன், தன்னிரைச்சல். 94 டெசிபெல் ஒலிக்கு அந்த மைக் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பதே உணர்திறன். மைக் தானே உண்டாக்கும் இரைச்சல் எத்தனை டெசிபெல் ஒலிக்குச் சமம் என்பது தன்னிரைச்சல். 94இலிருந்து தன்னிரைச்சலைக் கழித்து, வரும் விடையை டிபியு அலகில் எழுதிய உணர்திறனிலிருந்து கழித்தால், மைக்கின் இரைச்சல் கருவியின் வாயிலுக்கு எந்த அளவில் வந்து சேர்கிறது என்பது தெரிந்துவிடும்.

30 மில்லிவோல்ட் உணர்திறனும் 14 டெசிபெல் தன்னிரைச்சலும் உள்ள ஒரு கண்டென்சர் மைக்கை, அதாவது மின்சாரம் பெற்று இயங்கும் மைக்கை, எடுத்துக்கொள்வோம். 30 மில்லிவோல்ட் என்பது ஏறத்தாழ மைனஸ் 28 டிபியு. 94இல் 14 போக 80. ஆகவே மைக்கின் இரைச்சல் மைனஸ் 108 டிபியு அளவில் வருகிறது. கருவியின் இரைச்சல் இதைவிட 10 டெசிபெல் கீழே இருந்தால், மொத்த இரைச்சல் அரை டெசிபெல்கூட உயராது. காதுக்கு வேறுபாடே தெரியாது. எனவே மைனஸ் 120 டிபியு கருவி இந்த மைக்குக்குத் தாராளமாகப் போதும். இதைவிட அமைதியான கருவிக்குச் செலவிடும் பணத்தால் இந்த மைக்கில் எந்தப் பயனும் இல்லை. அதே மைக்கை மைனஸ் 105 டிபியு கருவியில் இணைத்தால் மொத்த இரைச்சல் ஏறத்தாழ 5 டெசிபெல் உயர்கிறது. 14 டெசிபெல் மைக்கை வாங்கிவிட்டு 19 டெசிபெல் மைக்கின் பலனைத்தான் பெறுகிறீர்கள்.

வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்குகளுக்கு நிலைமை வேறு. அவற்றின் உணர்திறன் பெரும்பாலும் 2 மில்லிவோல்ட்டைச் சுற்றியே இருக்கும்; அதாவது மைனஸ் 52 டிபியு. 20 டெசிபெல் அளவுள்ள மெல்லிய ஒலியொன்று அத்தகைய மைக்கிலிருந்து மைனஸ் 126 டிபியு அளவில் வெளிவரும். நல்லதெனச் சொன்ன மைனஸ் 120 டிபியு கருவியின் இரைச்சலுக்குள்ளேயே அது மூழ்கிவிடும். மேடையிலும் வானொலி நிலையத்திலும் சிறப்பாக உழைக்கும் ஒரு டைனமிக் மைக் காட்டில் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். கருவி வாங்கும் முயற்சி முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள ஐந்து நிமிடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 3: மைக் உள்ளேயா, வெளியேயா?

கையடக்கக் கருவிகள் இரண்டு வகைப்படும். தலைப்பகுதியிலேயே மைக்குகள் பொருத்தப்பட்டவை ஒரு வகை. மைக் எதுவுமின்றி, இணைப்பு வாயில்கள் மட்டும் கொண்டவை மற்றொரு வகை. முதல் வகையைப் பையிலிருந்து எடுத்த சில நொடிகளில் பதிவைத் தொடங்கலாம். அந்த விரைவுக்குப் பெரிய மதிப்பு உண்டு. நடந்துகொண்டே பதிபவருக்கும், எதிர்பாராமல் கேட்ட ஒலியைப் பிடிக்க விரும்புபவருக்கும் அது இன்றியமையாதது. ஆனால் உள்ளமைந்த மைக்கின் தன்னிரைச்சலை நிறுவனங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த மைக்குகள் பெரும்பாலும் ஒருதிசை வகை. அவை காற்றின் உராய்வுக்கும் கையின் அதிர்வுக்கும் அனைத்துத்திசை மைக்குகளைவிட எளிதில் பாதிக்கப்படுபவை.

வெளி மைக்கை இணைக்கும் வாயில்களிலும் இரண்டு வழக்கங்கள் உள்ளன. மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் வாயில், பாண்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்சாரத்தை மைக்குக்குத் தரும். நீண்ட கேபிளிலும் புற மின்குறுக்கீட்டைச் சமன்செய்து நீக்கிவிடும். 3.5 மில்லிமீட்டர் வாயில், ப்ளக்-இன் பவர் என்ற பெயரில் சில வோல்ட் மட்டுமே தரும். இரண்டாவதைக் குறைவாக எடைபோட வேண்டாம். பிரைமோ நிறுவனத்தின் ஈஎம்272 என்னும், மைக்கின் உள்ளே ஒலியை உணரும் சிறு பகுதி, 14 டெசிபெல் தன்னிரைச்சல் மட்டுமே கொண்டது. அதை வைத்துச் செய்த அனைத்துத்திசை மைக் இணை ஒன்றை, ப்ளக்-இன் பவர் தரும் சிறிய கருவியில் இணைத்து இயற்கை ஒலிகளைப் பதிவோர் ஏராளம். சட்டைப்பையில் அடங்கும் இத்தகைய அமைப்பு, பாதி விவரத்தாளைப் படித்துவிட்டு வாங்கிய கனமான கருவியைவிட நல்ல பலன் தருவதுண்டு.

எத்தனை வாயில்கள் தேவை? சூழல் ஒலிக்கும் நேர்காணலுக்கும் இரண்டு போதும். ஒரே நேரத்தில் நால்வர் பேசும் கலந்துரையாடலையோ இசைக்குழுவையோ பதிபவருக்கு மட்டுமே நான்கும் எட்டும். பயன்படாத ஒவ்வொரு வாயிலும் எடையாகவும் மின்செலவாகவும் உங்களுடன் பயணம் செய்யும்.

படி 4: 32 பிட் ஃப்ளோட் தேவையா?

சில ஆண்டுகளாக மிகுதியாகப் பேசப்படும் வசதி இது. 2019இல் சவுண்ட் டிவைசஸ் நிறுவனத்தின் மிக்ஸ்ப்ரீ இரண்டாம் தலைமுறைக் கருவிகளும் ஜூம் எஃப்6 கருவியும் இதைக் கையடக்க அளவுக்குக் கொண்டுவந்தன. 2022இல் வந்த ஜூம் எஃப்3 கருவியில் உள்ளீட்டு அளவைத் திருகும் குமிழே இல்லை. இன்று எளிய கருவிகளிலும் இந்த வசதி வந்துவிட்டது.

வழக்கமான 24 பிட் பதிவில், ஒலியின் உச்சத்தை முன்கூட்டியே ஊகித்து அளவை அமைக்க வேண்டும். ஊகத்தை மீறி ஒலி உயர்ந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுப் பதிவு கெடும். 32 பிட் ஃப்ளோட் கருவிகளின் உள்ளே பொதுவாக, மின்குறிப்பை எண்ணாக்கும் மாற்றிகள் இரண்டு இணைந்து இயங்குகின்றன. ஒன்று மெல்லிய ஒலிக்கும் மற்றொன்று உரத்த ஒலிக்கும் அமைக்கப்பட்டிருக்கும். இரண்டின் விடைகளையும் இணைத்து, மிகப் பரந்த வீச்சுடைய ஒரே கோப்பாகக் கருவி எழுதுகிறது. அளவு தவறியதுபோல் தோன்றும் பதிவைக் கணினியில் பிறகு இறக்கவோ ஏற்றவோ செய்து சீராக்கலாம். தனியாகச் சென்று பதிபவருக்கும், இடிமுழக்கம்போல் முன்னறிய முடியாத ஒலிகளைப் பதிபவருக்கும், கருவியை விட்டுவிட்டு விலகிச் செல்பவருக்கும் இது பெரும் வரம்.

இருப்பினும் அதனால் ஆகாதவற்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது முன்பெருக்கியின் இரைச்சலைக் குறைக்காது. மைக்கே தாங்காத அளவு உரத்த ஒலி வந்தால், மைக்கிலேயே சிதைந்துவிட்ட ஒலியை அது மீட்டுத் தராது. கருவியின் வாயில் ஏற்கும் உச்ச மின்னழுத்தத்தைக் கடந்த குறிப்பையும் அது காப்பாற்றாது. எனவே இரைச்சல் மிக்க 32 பிட் கருவியா, அமைதியான 24 பிட் கருவியா என்ற கேள்வி எழுந்தால், மெல்லொலி பதிபவர் தயக்கமின்றி இரண்டாவதை எடுக்கலாம். 24 பிட்டின் கோட்பாட்டளவிலான வீச்சே 144 டெசிபெல். கையடக்கக் கருவிகளில் உள்ள எந்த ஒற்றை மாற்றியாலும் அந்த வீச்சை நிரப்ப முடிவதில்லை.

படி 5: சாம்பிளிங் விகிதமும் கோப்பின் அளவும்

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பதே சாம்பிளிங் விகிதம். ஒரு விகிதத்தில் பதிந்தால் அதன் பாதி அதிர்வெண் வரைதான் கோப்பில் இருக்கும். மனிதச் செவிக்கு எட்டும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் 48 கிலோஹெர்ட்ஸ் பெரும்பாலான வேலைகளுக்குப் போதுமானது. பதிந்த ஒலியின் வேகத்தைக் குறைத்துப் புதிய ஒலிகளை உருவாக்கும் திரைப்பட ஒலி வடிவமைப்பாளர்களுக்கு 96 அல்லது 192 உதவும். அதற்கும் அந்த உயரம்வரை உணரும் மைக் வேண்டும். வௌவால்களின் குரல் பல இனங்களில் 20 முதல் 120 கிலோஹெர்ட்ஸ் வரை செல்வதால், அதற்குத் தனிக் கருவிகள் இருக்கின்றன. 384 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும் ஆடியோமாத் என்னும் சிறு கருவி அவற்றுள் ஒன்று. குறித்த நேரத்தில் தானே விழித்துப் பதிந்துவிட்டு மீண்டும் உறங்கும் அது, ஆளில்லாமல் பல நாள் மரத்தில் கட்டிவைக்கும் பணிக்கும் ஏற்றது.

இரு தடங்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற அமைப்பில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 1.04 ஜிபி இடம் கொள்ளும். 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.38 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் இரண்டுமே இரட்டிப்பாகும். வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது என்பதால், நீண்ட பதிவைக் கருவி பல கோப்புகளாகப் பிரிக்கும். பிரியும் இடத்தில் ஒரு கணமும் தவறாமல் அடுத்த கோப்பு தொடர்கிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். எம்பி3 வடிவில் மட்டும் பதியும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வடிவம் கழித்துவிட்ட விவரங்களை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது.

படி 6: மின்சாரம்

காட்டிலோ தொலைதூரக் கிராமத்திலோ இருக்கும்போது, எங்கும் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் இயங்கும் கருவி ஒரு பாதுகாப்பு. உள்ளே பூட்டப்பட்ட லித்தியம் பேட்டரி இலகுவானது. ஆனால் சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிட்டால் மாற்றுவது கடினம். மீண்டும் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியைப் போட்டால், அதன் வகையைக் கருவியின் அமைப்புகளில் குறிப்பிடுங்கள். அதன் மின்னழுத்தம் 1.5க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால், குறிப்பிடாவிட்டால் பேட்டரி அளவுகாட்டி தவறாகக் காட்டும். கடுங்குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் ஏஏ பேட்டரி அங்கே நன்றாகத் தாங்கும்.

நிறுவனம் சொல்லும் இயக்க நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பாண்டம் பவர் அணைந்த நிலையில் அளந்ததாக இருக்கும். இரண்டு மைக்குகளுக்கு 48 வோல்ட் தரத் தொடங்கினால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். யுஎஸ்பி வழியாகப் பவர்பேங்கில் இயக்கலாம் என்றால் நல்லது. சில பவர்பேங்குகள், கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்று கருதித் தாமாகவே அணைந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்து முழு இரவு ஓட்டிப் பார்த்த பிறகே களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

படி 7: இருட்டில், ஒரு கையால் இயக்க முடியுமா?

விவரத்தாளில் இடம்பெறாத பகுதி இது. பதிவுப் பொத்தானை விரலால் தடவியே கண்டுபிடிக்க முடிகிறதா? கையுறை அணிந்தபடி அழுத்த முடிகிறதா? பொத்தானை அழுத்தும் ‘க்ளிக்’ ஒலி பதிவில் விழுகிறதா? வெயிலில் திரையைப் படிக்க முடிகிறதா? தவறுதலாக எதுவும் அழுந்தாமல் தடுக்கும் பூட்டு இருக்கிறதா? கருவியை இயக்கியதிலிருந்து பதிவு தொடங்கும்வரை எத்தனை நொடி ஆகிறது?

முன்பதிவு வசதி மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளை நினைவில் வைத்திருந்து கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் இந்த வசதி, பறவை பதிவோருக்கு விலைமதிப்பற்றது. பறவை கூவியதைக் கேட்ட பிறகுதான் நாம் பொத்தானை அழுத்துகிறோம். இந்த வசதி இல்லையென்றால் முதல் கூவல் எப்போதும் தப்பிவிடும்.

காற்றுக்கவசத்துக்கான பணத்தைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பெட்டியில் வரும் நுரைக்கவசம் மெல்லிய காற்றுக்குக்கூடப் போதாது; நீண்ட இழைகள் கொண்ட செயற்கை உரோமக் கவசம் வேண்டும். மைக்கின் மீது காற்று மோதி எழும் ஆழ்ந்த உறுமலைக் கணினியில் முழுவதும் நீக்க வழியில்லை. மூடிய வகை ஹெட்போன், சிறு தாங்கி ஆகிய இரண்டும் அதே பட்டியலில் இடம்பெற வேண்டும்.

படி 8: பழைய கருவியா, புதியதா?

சோனி நிறுவனத்தின் பிசிஎம்-டி50, பிசிஎம்-எம்10 ஆகியவை முறையே 2007, 2009 ஆண்டுகளில் வந்தவை. தயாரிப்பு நின்று நெடுங்காலமான பின்னும் களப்பதிவாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். டி50 அதன் உள்ளமைந்த மைக்குகளுக்காகவும், எம்10 ஏஏ பேட்டரி இரண்டில் நெடுநேரம் உழைப்பதற்காகவும் புகழ்பெற்றவை. பழைய கருவி வாங்குவது நல்ல வழிதான். ஆனால் குமிழைத் திருகும்போது கரகர ஒலி எழுகிறதா, பேட்டரி அறையில் கசிவுக்கறை இருக்கிறதா, வாயில்கள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். டி50 போன்றவை ஏற்கும் மெமரி ஸ்டிக் வகை அட்டைகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 9: திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்

கருவி கைக்கு வந்த அன்றே வேலை தொடங்குகிறது. முதலில் மெமரி கார்டைக் கருவியிலேயே ஃபார்மட் செய்து, அது நிறையும்வரை பதிந்து, கோப்புகள் அனைத்தும் திறக்கின்றனவா என்று பாருங்கள். போலிக் கார்டுகள் இந்தச் சோதனையில் சிக்கிவிடும். அடுத்து, இரவில் வீட்டின் மிக அமைதியான அறையில் கருவியை மெத்தையின் மீது வைத்து, அளவை உயர்த்திச் சில நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். சீரான ‘ஸ்ஸ்’ ஒலி இயல்பானது. அதற்குள் விசில் போன்ற ஒலியோ குறித்த இடைவெளியில் துடிக்கும் ஒலியோ கேட்டால் அது குறைபாடு. முன்பெருக்கியை மட்டும் தனியாகக் கேட்க விரும்பினால், எக்ஸ்எல்ஆர் முனையின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கிடையே 150 ஓம் மின்தடையை இணைத்து, பாண்டம் பவரை அணைத்துவிட்டு, வாயிலில் செருகிப் பதியுங்கள்.

பிறகு கைபேசியை அருகில் வைத்து அழைப்பு வரச் செய்து, குறுக்கீடு விழுகிறதா என்று கேளுங்கள். முக்கியமில்லாத பதிவொன்று ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றி, அதுவரை பதிந்த கோப்பு மீள்கிறதா என்று பாருங்கள். இவற்றைக் கடந்த கருவியோடு, முதல் படியில் கோடிட்ட அந்த மெல்லிய ஒலி இருக்கும் இடத்துக்குச் சென்று, கைகளை எடுத்துவிட்டு அரைமணி நேரம் பதியுங்கள். வீடு திரும்பியதும் ஹெட்போனில் கேட்கும்போது ஒலிக்கு முன்பே இரைச்சல் காதில் பட்டால், கருவியை மாற்றுவதற்கு முன் மைக்கின் இரண்டு எண்களையும் எடுத்து இரண்டாம் படியின் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியது எது என்பதை அது சொல்லிவிடும்.